தண்ணிக்கு ஒரு கிளிஞ்சல்

பழவேற்காட்டு ஏரித் தீவான பசியாவரத்தில் அம்மை வார்த்த வருஷம், ஊர்க்காரர்கள் அம்மையைத் திட்டவில்லை. ஆத்தாவை யார் திட்டுவது? நாக்கு அழுகிப்போகாதா? அதனால் இருந்த வசவையெல்லாம் ஒரு முழத் துணியின் மேல் கொட்டினார்கள்.

துணி கோட்டையின் உத்தரவு. தீவிலிருந்து பழவேற்காட்டுத் துறைக்கு மீன் கொண்டுவருகிறவர்கள், ஆணோ பெண்ணோ, காடியில் நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டுதான் கரையில் கால் வைக்க வேண்டும் என்று கோட்டையை ஆண்ட டச்சுக்காரர்களான உலாந்தாக்காரர்கள் தமுக்கடிக்கச் சொல்லியிருந்தார்கள். கோவிந்தம்மா கோட்டைச் சந்தையில் மீன் விற்கிறவள். அவளுக்கு வாய்தான் தராசு, வாய்தான் படிக்கல்.

"வாயைக் கட்டிகினு மடவை, இறாலுன்னு எப்படிக் கூவறது? மூக்கால கூவறதா? அந்த மூக்கையும் இல்ல கட்டச் சொல்றான்!"

ஊருக்கும் அதே கொதிப்புதான். எஜமான் முன்னால் அடிமை வாய் பொத்தி நிற்பான். நாங்கள் யாருக்கு அடிமை என்றார்கள். பெண்கள் அதற்கும் மேலே போனார்கள். ஆத்தா வீடு தேடி வந்து உட்கார்ந்திருக்கும்போது மூக்கைப் பொத்தினால், அவள் நாறுகிறாள் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி ஆகாதா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். பசியாவரத்தின் வாயை மூடக் கோட்டைத் துணியும் போதவில்லை. ஒருவரும் கட்டவில்லை. கோட்டை சும்மா இருக்குமா? ஓடத்தை நிறுத்திவிட்டது. தீவு தீவாகவே கிடந்தது.

மீன் விற்காமல் போனதைக்கூடக் கோவிந்தம்மா பொறுத்துக்கொண்டாள். அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டியது வேறு. ஒரே மகள் பவுனம்மாள் அந்தக் கரையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாமியார் இல்லாத வீடு. மருமகன் பாதி நாள் கப்பலுக்குச் சுமை ஏற்றும் தோணியில் கிடப்பான். போன மழைக்காலத்தில், ஏரி கொந்தளித்து ஓடம் வராமல் போனதால், பவுனு தலைப்பிள்ளையை அந்த வீட்டில் தனியாகப் பெற்றாள். கொடி அறுக்க ஆள் வருவதற்குள் பிள்ளை நீலம் பாரித்துவிட்டது. இப்போது மறுபடியும் நிறைமாதம். இந்தத் தடவை பிரசவம் தன் வீட்டில்தான் என்று கோவிந்தம்மா எல்லையம்மன் மேல் ஆணையிட்டிருந்தாள். ஆணையிட்டு என்ன? நடுவில் தண்ணீர், தண்ணீருக்குக் காவலாகக் கோட்டை.

துரைமார் பேச்சைத் தமிழில் சொல்லும் கோட்டைத் துபாஷி வீரராகவன் ஒருநாள் படகில் வந்தார். கரையேறவில்லை. கூப்பிடு தூரத்தில் படகை நிறுத்தி, மூக்குக்கு மேல் கட்டிய துணிக்குள்ளிருந்து கத்தினார்.

"படுத்துகீறவங்க எத்தனை பேரு, எழுந்தவங்க எத்தனை பேருன்னு தெனம் கணக்கு வேணுமாம். எழுந்தவங்க கணக்கு ஜாஸ்தியானா ஓடம் வுடுவாங்க."

கரையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைக்கணக்கா? பஞ்சகாலத்தில் தலை எண்ணி வாங்கிய ஜனங்களைக் கோட்டை அடிமையாகக் கப்பலேற்றி அனுப்பியதைப் பார்த்தவர்கள் அவர்கள். கோட்டைக்குத் தலைக்கணக்குக் கொடுப்பதற்கு ஏரியில் விழுந்து சாகலாம். போதாக்குறைக்கு, அம்மை கண்டவர்களை வாய்விட்டு எண்ணினால் ஆத்தா அந்த எண்ணிக்கையைக் கூட்டிக் கேட்பாள் என்று ஒரு பயம்.

கோவிந்தம்மாதான் வழி சொன்னாள். "தலையை எண்ணினாத்தானே பேஜாரு? எண்ண வேணாம், சொல்லவும் வேணாம். ஆத்தா வந்து உக்காந்தா ஆளுக்கு ஒரு வேப்பங்குச்சி கரையில குத்தி வெப்போம். தண்ணி ஊத்தினா ஒரு கிளிஞ்சல். படகுல இருந்தே பாத்துகினு போவட்டும்."

அப்படியே முடிவாயிற்று. குச்சியும் கிளிஞ்சலும் வைக்கிற வேலையும் அவள் தலையில் விழுந்தது. அவள் சின்ன வயதிலேயே அம்மை கண்டு முகமெல்லாம் தழும்பு வாங்கியவள். ஆத்தா ஒருமுறை தொட்டவளை மறுமுறை தொடமாட்டாள். கோவிந்தம்மா வீடு வீடாகப் போய்க் கேட்டுவந்து வைத்தாள்.

குச்சிகள் மளமளவென்று பெருகின. பிறகு, சீக்காளிகள் தேறத் தேற, தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்கள். அங்கேதான் வந்தது கூத்து. அம்மை இறங்கினால் ஒரே ஒரு தண்ணியோடு முடியுமா? வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரை முதல் தண்ணி, இரண்டாம் தண்ணி, மூன்றாம் தண்ணி என்று நாள் விட்டு நாள் ஊற்ற வேண்டும். மூன்றாம் தண்ணிக்குப் பிறகுதான் ஆள் வாசல் தாண்டலாம். தண்ணிக்கு ஒரு கிளிஞ்சல் என்று பேசியாகிவிட்டது. கோவிந்தம்மாவும் தண்ணிக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போனாள். எழுந்தவன் ஒருவன், கிளிஞ்சல் மூன்று.

முதலில் அவள் வஞ்சனையாகச் செய்யவில்லை. பேசியபடி வைத்தாள், அவ்வளவுதான். ஒருநாள் வெள்ளைக் குவியலைப் பார்த்து அவளுக்கே திக்கென்றது. இத்தனை பேரா எழுந்துவிட்டார்கள்? அவள் போன வீடுகளில் பாதிக்கு மேல் முனகல்தானே கேட்டது? அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் அவள் என்ன செய்தாள்? குனிந்து இன்னொரு கிளிஞ்சலைப் பொறுக்கினாள்.

வேறொன்றும் இருந்தது. ஆத்தா கூட்டிக்கொண்டு போனவர்களுக்குக் கோட்டை ஒன்றும் கேட்கவில்லை. எழுந்தவர்களுடைய குச்சியைப் போலவே அவர்களுடைய குச்சியையும் பிடுங்கி ஏரியில் எறிந்துவிடுவாள். ஆள் பிழைத்தாலும் குச்சி குறைந்தது, செத்தாலும் குறைந்தது. சாகச் சாகக் கரை சுத்தமானது.

புருஷன் ராஜவேலுவுக்கு மனசு கேட்கவில்லை. அவனும் அம்மையில் விழுந்து, மூன்று தண்ணியும் ஊற்றிக்கொண்டு எழுந்தவன்.

"இன்னாமே இது? என் ஒருத்தனுக்கே மூணு கிளிஞ்சல் கீது. நான் இன்னா மூணு ஆளா?"

"நீ திங்கற சோத்துக்கு மூணு ஆளுதான்."

"வெளையாடாதமே. துபாஷியாண்ட சொல்லிடு."

"சொல்றேன், சொல்லிட்டு உம் மவ அங்க ஒண்டியா கெடந்து சாவட்டும். போன வாட்டி புள்ளையைப் பொதைச்சது நீயா, அவளா?" என்று கேட்டுவிட்டாள். ராஜவேலு வலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

துபாஷிக்குத் தெரியாதா என்ன? வீரராகவன் பொன்னேரிப் பக்கத்து மனிதர். அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மூன்று தண்ணி ஊற்றித்தான் இருப்பார்கள். ஒருநாள் படகிலிருந்தபடி வெள்ளைக் குவியலை நெடுநேரம் பார்த்தார். பிறகு கோவிந்தம்மாவைப் பார்த்தார். துணிக்கு மேலே இரண்டு கண்கள்தான் தெரிந்தன. அந்த வாய் சிரிக்கிறதா, கோணுகிறதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. 'கேளேன், எத்தனாவது தண்ணின்னு ஒரு வார்த்தை கேளேன்' என்று மனசின் ஒரு பாதி கெஞ்சியது.

அவர் கேட்டது வேறு. "கப்பல் வந்து நிக்குது. சுமை ஏத்த ஆளில்லாம தொரை குதிக்கறாரு. இதெல்லாம் எழுந்தவங்கதானே?"

"தண்ணி ஊத்தினதுங்க சாமி."

"அப்போ எழுந்தவங்கதான்," என்றார். அவருக்கு அது போதும். அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

மறுவாரம் பழவேற்காட்டில் தமுக்கு அடித்தார்கள். பசியாவரத்தில் அம்மை இறங்கிவிட்டது, படுத்தவர்களைவிட எழுந்தவர்கள் அதிகம், ஓடம் போகலாம் வரலாம். சத்தம் தண்ணீர் மேல் மிதந்து தீவுவரை கேட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதைக் கேட்டுக் கோவிந்தம்மாவே நம்பிவிட்டாள்! அவள் பொறுக்கிய கிளிஞ்சல், அவள் வைத்த கணக்கு. அது கோட்டைக்குப் போய்த் தமுக்கோடு திரும்பி வந்தபோது வேறொருவர் சொன்ன சத்தியம் மாதிரி இருந்தது. "கோட்டையே சொல்லிட்டான், எறங்கிடுச்சாம்," என்று எதிர்வீட்டுக் குப்பம்மாளிடம் கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னாள்.

முதல் ஓடத்திலேயே பவுனு வந்து இறங்கினாள். மேடிட்ட வயிறு, கையில் ஒரு மூட்டை, முகத்தில் கோட்டைத் துணி. துறையில் கட்டாமல் ஓடம் ஏறவிடவில்லையாம். தாய்க்குப் பார்க்கவே சகிக்கவில்லை.

"அய்ய, இன்னாடி இது வேசம்? வாயைப் பொத்திகினு நிக்க இது இன்னா தொரை வூடா? உங்கம்மா வூடுடி!" என்று முடிச்சை அவிழ்த்து எறிந்தாள்.

"இருக்கட்டும்மா. காடி வாசனை பழகிடுச்சு. ஊருல இன்னும் கீதுன்னு அவரு சொன்னாரு."

"அவன் கெடக்கறான். ஊருல ஒண்ணும் இல்ல. எறங்கிடுச்சுன்னு தமுக்கே போட்டாச்சு."

துணிக்குள்ளிருந்து மகளின் முகம் வெளியே வந்தது. ஆத்தா ஒருமுறையும் தொடாத, பருவில்லாத, வழவழவென்ற முகம். தன் தழும்பு முகத்துக்கு இப்படி ஒரு முகம் பிறந்ததே என்று கோவிந்தம்மாவுக்கு எப்போதும் ஒரு கர்வம். அன்று ஆசை தீர அந்தக் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

பக்கத்து வீட்டு இருசம்மாள் பவுனுவைப் பார்க்க ஓடிவந்தாள். தூக்கி வளர்த்த பிள்ளையாயிற்றே! இருசம்மாளுக்கு முதல் தண்ணிதான் ஊற்றியிருந்தார்கள். பொருக்கு இன்னும் உதிரவில்லை. ஆனால் கரையில் அவளுக்கும் ஒரு கிளிஞ்சல் கிடந்ததே, அவளும் எழுந்தவள்தானே? "வா இருசி, வா" என்று கோவிந்தம்மாவே பாய் போட்டாள். இருசம்மாள் பவுனுவின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி முத்தம் கொடுத்துவிட்டு, வயிற்றைத் தடவிப் பார்த்து, ஆண்பிள்ளைதான் என்றாள்.

மகள் கட்டிவந்த துணியை வீணாக்குவானேன் என்று கோவிந்தம்மா அடுப்பங்கரையில் சட்டி இறக்கும் பிடித்துணியாக வைத்துக்கொண்டாள்.

அமாவாசை வருவதற்குள் பவுனுவுக்கு உடம்பு காய்ந்தது. பிறகு முத்துப் போட்டது. நிறைமாதக்காரிக்கு ஆத்தா இரக்கம் காட்டுவதில்லை என்பது ஊரறிந்த சங்கதி. கோவிந்தம்மா தன் கையாலேயே கரையில் ஒரு வேப்பங்குச்சியைக் குத்தினாள். அன்றைக்குக் குச்சிகளை முதல்முறையாகத் தலை தலையாகப் பார்த்தாள். தமுக்கடித்த பிறகு ஓடத்தில் வந்தவர்கள், சுமைக்குப் போய்த் திரும்பியவர்கள், அவர்களைத் தொட்டவர்கள் என்று கரை நெடுகக் குச்சி நின்றது.

பவுனுவின் முகம் இருந்த இடம் தெரியவில்லை. கண்கூடத் திறக்க முடியாமல் கிடந்தவள், ஒருநாள் கையால் துழாவிக் கேட்டாள். "எம்மா, நான் கட்டிகினு வந்தேனே, அந்தத் துணி எங்கம்மா? அவரு வந்தா மூஞ்சை மூடிக்கணும்."

கோவிந்தம்மா அடுப்பங்கரைக்கு ஓடினாள். துணி கரியேறி, பாதி எரிந்து கிடந்தது. அதை வாயில் திணித்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் அழுதாள்.

பிள்ளை வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனது. மறுநாள் விடிந்தபோது தாயும் அடங்கிவிட்டாள். ராஜவேலு வாசல் மணலில் உட்கார்ந்து, "மூணு ஆளா நானு, மூணு ஆளா" என்று முனகிக்கொண்டே இருந்தான். கோவிந்தம்மா அவனைத் தேற்றப் போகவில்லை. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை, மகளின் முதல் தண்ணிக்கென்று எடுத்துவைத்திருந்ததை, அப்படியே எடுத்து அவள் தலையில் ஊற்றிக் குளிப்பாட்டினாள்.

புதைத்துவிட்டு வந்து நேராகக் கரைக்குப் போனாள். மகளின் குச்சியைப் பிடுங்கினாள். ஏரியில் எறியக் கை வரவில்லை, பிடித்துக்கொண்டு நின்றாள். துபாஷியின் படகு வழக்கமான தூரத்தில் வந்து நின்றது.

"இன்னா கோவிந்தம்மா, மறுபடியும் குச்சி ஏறிப்போச்சேன்னு தொரை கத்தறாரு. ஓடத்தை நிறுத்திடுவாங்க போல. இன்னிக்கு ஒண்ணு கொறைஞ்சிருக்கு, நல்லதாப்போச்சு. யாரு எழுந்தது?"

"எம் மவ சாமி," என்றாள். காற்று எதிர்த்து வீசியது. "எம் மவ செத்துட்டா." அம்மைச் சாவுக்கு ஊரில் ஒருவரும் வாயால் சொல்லாத வார்த்தையை ஆத்தா கேட்கக் கேட்கச் சொல்லிவிட்டாள்.

அவர் காதிலும் துணி சுற்றியிருந்தார். கேட்டதோ, கேட்கவில்லையோ. கண்கள் மட்டும் அவள் கையிலிருந்த குச்சியை விட்டு வெள்ளைக் குவியலுக்குப் போயின.

"தண்ணி ஊத்தியாச்சு இல்ல?"

"ஊத்தினேன் சாமி. நான்தான் ஊத்தினேன்."

"அப்புறம் இன்னா? கிளிஞ்சலை வை. எழுந்தவங்க கணக்கு ஏறலேன்னா அங்க என்னைக் கேப்பாங்க."

கோவிந்தம்மா குனிந்து, ஒரு கிளிஞ்சலைப் பொறுக்கி, மண்ணைத் தட்டிவிட்டு, மற்ற கிளிஞ்சல்களோடு வைத்தாள். வீரராகவன் எண்ணிக்கொண்டு படகைத் திருப்பினார்.