சிவாஜிநகர்ச் சாலையின் இரண்டு நீளங்கள்

1993ஆம் ஆண்டில், பெங்களூர் சிவாஜிநகர் பேருந்து நிலையத்திலிருந்து இறைச்சிக் கடைத்தெரு ஆண்களுக்கு நானூறு மீட்டரிலும் பெண்களுக்கு ஆயிரத்து முந்நூறு மீட்டரிலும் இருந்தது. சாலையோரம் சும்மா நின்று வெறிக்கும் ஒவ்வோர் ஆணுக்கும் அது பெண்களின் காலடியில் ஒரு முழம் வளர்ந்தது. பெண்கள் இதை அறிவார்கள். அளந்து சொன்னவர் ரிச்சர்ட்ஸ் டவுனில் குடியிருந்த பியாட்ரிஸ். புவியியல் விரிவுரையாளரான அவர், பெண்களுக்கு நகரம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். பட்டம் வந்தால் பேராசிரியர் பதவி. வராவிட்டால் கடைசிவரை விரிவுரையாளர்.

அதுவரை அளவுநாடாவின் இரு முனைகளையும் பியூன்களே பிடித்தார்கள். பியூன்கள் எல்லோரும் ஆண்கள். அந்த நாடா ஈன்ற வரைபடத்தைத்தான் மேதைகள் நகரம் என்று அழைத்தார்கள். பியாட்ரிஸ் ஒரு முனையைத் தாமே பிடித்து, மறுமுனையை மாணவி மமதாவிடம் கொடுத்தார். குட்டு வெளிப்பட்டது.

ஆய்வுக்குழுத் தலைவர் கோதண்டராமன் சோதித்துப் பார்க்க வந்தார். அவரும் பியாட்ரிஸும் பேருந்து நிலையத்திலிருந்து ஒன்றாகப் புறப்பட்டார்கள். அவர் கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்து, இரண்டு தேநீர் குடித்து, மூன்றாவதை ஆற்றிக்கொண்டிருந்தபோது பியாட்ரிஸ் வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

“நீங்க புடிச்சா டேப் அப்படித்தான் காட்டும் மேடம். பியூன்கிட்ட குடுங்க, ஒழுங்கா வரும்.”

“பியூன் புடிச்சா உங்க ரோடு வருது சார். எங்க ரோட்ட யார் அளக்கிறது?”

“ஆம்பள ரோடு, பொம்பள ரோடுன்னு தனியா இருக்கா? நல்லா கதை விடுறீங்க!”

“இருக்கு சார். அதுல நடந்துதான் வரேன். டீ ஆறிப்போகுது, குடிங்க.”

சாலையில் குறையில்லை, பெண்களின் கால்களிலேயே குறை என்று தீர்ப்பளித்து, அறிஞர் குழு ஆய்வைத் திருப்பி அனுப்பியது. பியாட்ரிஸ் மீண்டும் சமர்ப்பித்தார்; மீண்டும் திரும்பி வந்தது. அவரிடம் படித்த ஆண்கள் அவருக்கே மேலதிகாரிகளானார்கள்.

2002இல் வெளிநாட்டு நிபுணர் ஒருவர், அதே இறைச்சிக் கடைத்தெரு முனையில் தம் மனைவிக்காக நெடுநேரம் காத்து நின்றுவிட்டு, பெங்களூர்ச் சாலைகளுக்கு இரண்டு நீளம் உண்டு என்றார். உள்ளூர்ப் பெண் ஒன்பது ஆண்டு சொல்லியும் ஏறாத உண்மை, வெள்ளைக்காரரின் ஒரே வாக்கியத்தில் அறிஞர்களின் மண்டைக்குள் ஏறியது. பட்டம் வழங்கப்பட்டது, பதவியும் வந்தது. அதே சாலையின் கோடியிலிருந்த மண்டபத்தில் பாராட்டு விழா எடுத்தார்கள். ஆண்கள் குறித்த நேரத்துக்கு வந்து, பெண்மையின் பெருமையை முழங்கி, காலி நாற்காலிக்கு மாலை போட்டு, கலைந்தார்கள். பியாட்ரிஸ் வந்து சேர்ந்தபோது கோதண்டராமன் காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

“ரோட்ட எப்ப சார் குறைப்பீங்க?”

“குறைக்கிறதா? அதான் ஒத்துக்கிட்டோமே மேடம்!”

அவ்வாண்டு முதல் நகர வரைபடத்தில் ஒவ்வொரு சாலைக்கும் இரண்டு தொலைவுகள் அச்சாகின்றன. பெண்கள் இரண்டாவதைப் பார்த்துக்கொண்டு முன்னதாகவே கிளம்புகிறார்கள்.