ஏழு தெருக்களின் முழங்கால்கள்

அப்பாவிடம் கேட்கவே கூடாது என்று அம்மா அன்னம்மா சொல்லி வைத்திருந்ததை, பட்டமளிப்பு விழாவுக்கு முந்தின நாள் ஷார்லீன் கேட்டுவிட்டாள். “நாளைக்கு ஒரு நாள் லேத்துக்கு எண்ணெய் போடாதீங்கப்பா. என்கூட வாங்க.” அவள் அப்பா மரியஅந்தோணி தினமும் காலையில் அந்த லேத்துக்கு எண்ணெய் போட்டுவந்த இருபத்தொன்பது ஆண்டுகளில், சிங்கப்பூரின் ஜாலான் புசாரை ஒட்டிய ஏழு தெருக்களில் ஒருவருக்கும் முழங்கால் வலித்ததில்லை. எண்பது வயதுக்காரர்கள் அரிசி மூட்டையோடு மாடி ஏறினார்கள். மருந்துக்கடையில் மூட்டுவலித் தைலம் காலாவதியாகிக் குப்பைக்குப் போனது.

இரும்பு கடையும் அந்த லேத், பட்டறை முதலாளி அப்துல் மஜீதுடையது. மற்ற இயந்திரங்களை எல்லாம் அவர் துவாஸ் தொழிற்பேட்டைக்கு மாற்றிய பிறகும், கடைவீட்டுப் பட்டறையிலிருந்து இதை மட்டும் தெருக்காரர்கள் நகர்த்த விடவில்லை. அதில் எந்த வேலையும் நடக்கவில்லை, எண்ணெய் போடுவது மட்டும் நடந்தது. ஆறு மணிக்குத் தொடங்கி, நேற்றைய எண்ணெயைத் துடைத்து, எண்ணெய்த் துளைகளின் ஏழு நிப்பிள்களிலும் புது எண்ணெய் ஏற்றி, அது உள்ளே இறங்கும்வரை மெல்ல ஓடவிட்டு முடிக்கப் பத்து மணியாகும். டெங்கு வந்து மரியஅந்தோணி ஒரே ஒரு நாள் படுத்தபோது, மாலைப் பூசை முடிந்தும் நாற்பத்தோரு பேர் முழங்காலிலிருந்து எழவில்லை. புதிதாக வந்திருந்த பாதிரியார் அதைப் பக்தி என்று நினைத்து இன்னும் இரண்டு பாட்டுப் பாடச் சொன்னார். அதன் பிறகு மரியஅந்தோணி ஒரு நாளும் தவறவில்லை. தேவகோட்டையில் தகப்பனார் இறந்தபோதும் போகவில்லை. தெருக்காரர்கள் அந்தத் தகப்பனாருக்காக ஒரு பூசை வைத்து, முழங்காலிட்டு, எழுந்து, வீட்டுக்குப் போனார்கள்.

மரியஅந்தோணி மகளைப் பார்த்தார். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் அதுதான் முதல் பட்டம். “சரிம்மா, வரேன்,” என்றார். சமையலறையில் அன்னம்மா மகளைப் பிடித்துக்கொண்டாள். “நீ கேட்டா மாட்டேன்னு சொல்லமாட்டாரு. அதுக்குத்தான்டி கேக்காதேன்னேன்.” “மிஷினை நான் பார்த்துக்கிறேன் லா,” என்றாள் ஷார்லீன். படித்தது மெக்கானிக்கல் எஞ்சினியரிங். மறுநாள் ஐந்து மணிக்குப் பட்டறைக்குக் கிளம்பியபோது அப்பா ஏதோ சொல்ல வந்தார். “தெரியும்பா, படிச்சிருக்கேன்,” என்று செருப்பை மாட்டினாள். அந்தக் காலத்து லேத்தின் நிப்பிள்கள் பார்ப்பதற்கு கிரீஸ் ஏற்றுகிறவை போலவே இருக்கும். உள்ளே போக வேண்டியது எண்ணெய். அவள் கிரீஸ் கன்னை எடுத்து ஏழிலும் கெட்டியாக ஏற்றினாள். கிரீஸ் சீக்கிரம் வடியாது, அப்பா நாளைக்கும் தூங்கலாம் என்று நினைத்தாள். மொத்தம் பத்து நிமிடம். இதற்கா தினமும் நான்கு மணி நேரம் என்று கோபம்கூட வந்தது.

மேடையில் அவள் பெயரை அழைத்தபோது மரியஅந்தோணி எழுந்து நின்று கைதட்டப் பார்த்தார். முழங்கால் மடிந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தபடியே கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். எழுந்துகூட நிற்கவில்லையே என்று மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். அதே நேரத்தில் ஏழு தெருக்களிலும் நின்றவர்கள் நின்றபடியும் உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடியும் இருந்தார்கள். பேருந்துகள் ஆள் ஏறாமல் போயின. லேத்தில் கடைசியாகக் கை வைத்தவள் என்பதாலோ என்னவோ, ஷார்லீனுக்கு மட்டும் முழங்கால் பிடிக்கவில்லை.

ஒன்பது நாள், கம்பியும் மண்ணெண்ணெயும் வைத்துக்கொண்டு, துளை துளையாகக் கிரீஸைக் கரைத்து எடுத்தாள். ஒரு துளை திறந்தால் ஒரு தெரு நடந்தது. ஏழும் திறந்த பிறகும் மரியஅந்தோணி மட்டும் நடக்கவில்லை. டாக்டர் மூட்டுத் தேய்மானம் என்று எழுதிக் கொடுத்தார். மகளை அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளால் சண்டையாவது போட்டிருக்க முடியும்.

அவர் இடத்தில் இரண்டு வருஷம் அவள் எண்ணெய் போட்டாள். தஞ்சோங் பகார் அலுவலகத்தில் பதினொரு மணிக்கு வருகிறவள் என்று பெயர் வாங்கினாள். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் ஒரு கம்பெனி இரண்டு தடவை வேலைக்குக் கூப்பிட்டுப் பார்த்தது. மூன்றாவது தடவையும் கூப்பிட்டது தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து தெருக்காரர்கள் பதினான்கு பேர் கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

“அது உங்க குடும்பத்துக் கை, ஷார்லீன். ஆண்டவர் குடுத்தது,” என்றார் கோயில் பங்குக் குழுவின் ரஞ்சிதம்.

“கை இல்ல ஆன்ட்டி, எண்ணெய். யாரு வேணா போடலாம், நான் காட்டித் தரேன். பதினாலு பேர் இருக்கீங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு நாள்தான் வரும்.”

எதிர்வீட்டு ரத்னவேலுக்குக் காலையில் பேரனைப் பள்ளியில் விட வேண்டியிருந்தது. ஒருவருக்கு எண்ணெய் வாடை ஆகாது. ரஞ்சிதத்துக்குத் தை சி உடற்பயிற்சி வகுப்பு.

“எங்கப்பா தாத்தா சாவுக்கே போகல. உங்களால தை சியை விட முடியல.”

“அதான் பூசை வெச்சோமே,” என்றார் ரத்னவேல்.

நாற்காலியிலிருந்து மரியஅந்தோணி சொன்னார், “அவ போகட்டும், விடுங்க.”

அவள் வியாழக்கிழமையே பெர்த்துக்குப் பதில் எழுதியிருந்தாள். அப்பாவிடம் சொல்ல ஒரு வார்த்தை இரண்டு வருஷமாக அவளிடம் இருந்தது. பதினான்கு பேருக்கு முன்னால் அவர் சட்டைக் காலரை மட்டும் சரிசெய்துவிட்டாள். “போம்மா, நேரமாவுது,” என்றார். அறைக்குள்ளிருந்து பெட்டியை இழுத்து வந்தாள். அன்று காலை அவள் பட்டறைக்குப் போகவில்லை. நேற்றைய எண்ணெய் அவர்கள் வந்து உட்காரும்வரைக்கும் தாங்கியிருந்தது. பதினான்கு பேரும் அவளைத் தடுக்க எழப் பார்த்தார்கள். ஒருவராலும் முடியாமல், கேக் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சமையலறையில் நின்றிருந்த அன்னம்மா, நின்ற இடத்திலிருந்தே எட்டி, அவர்களுக்கும் சேர்த்து அரிசி அளந்து போட்டாள். ஷார்லீன் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.