சுவரைப் பார்த்த நாற்காலி

முகச்சவரம் செய்துகொண்டுதான் ஆர்மஸ் கொஸ்கெலா வம்பை விலைக்கு வாங்கினார்.

ஏப்ரல் பிறந்து கோப்பைக்கான பிளே-ஆஃப் ஆட்டங்கள் தொடங்கிவிட்டால் அந்த ஊரில் ஆம்பிளை எவனும் சவரக்கத்தியைத் தொடமாட்டான். லூன்ஸ் ஐஸ் ஹாக்கி அணி ஆட்டக்காரர்கள் தாடி வளர்ப்பார்கள். அவர்களுக்குத் துணையாக ஊரும் வளர்க்கும். அணி தோற்று வெளியேறுகிற அன்றைக்கோ, கோப்பையோடு வருகிற அன்றைக்கோதான் மழிப்பது. தபால்காரன் வளர்த்தான், பாதிரியார் வளர்த்தார். ஃபெர்னான்ட் பிலோனுக்கு இடது தாடையில் முளைக்கவே முளைக்காது. அவரும் முளைத்த பக்கத்தை மட்டும் வளர்த்துக்கொண்டு திரிந்தார். ஆர்மஸ் ஒருவர்தான் தினம் காலை ஆறு மணிக்கு வழவழவென்று மழித்துக்கொண்டு வந்து நின்றார்.

"வெளையாடுறவன் அவன். என் மூஞ்சியில மசுரு இருந்தா அவன் மட்டைக்கு என்னடா ஆகப்போவுது?" என்பார்.

முப்பத்தெட்டு வருஷம் மரம் ஏற்றுகிற லாரி ஓட்டிய ஆள். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும், பிடிக்காவிட்டால் நிற்காது, இதில் ராசி எங்கே வந்தது என்று கேட்பார். ராசியை மட்டுமல்ல, அவர் எதையுமே நம்பமாட்டார். வானிலை அறிக்கை, வங்கிக்காரன், கடையில் விற்கிற முட்டையின் தேதி, எதையும். பனித்தரையைத் துடைப்பத்தால் தேய்த்துக் கல் தள்ளி விளையாடுகிற கர்லிங் கிளப்பின் கட்டடத்தைப் பத்து வருஷமாகச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறார். கிளப்பில் பூட்டு உள்ள இடத்துக்கெல்லாம் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். ஒருமுறை கூரைக் கதவை யாரோ திறந்து போட்டுவிட்டதில் ஒரு வாளி மழை உள்ளே கொட்டியது. அன்றையிலிருந்து அந்தக் கதவுக்கு ஒரே சாவி. மாற்றுச் சாவி செய்ய விடவில்லை.

அந்தக் கிளப்பில் தூணோரம் அவருக்கு ஒரு நாற்காலி. இருபத்திரண்டு வருஷமாக லூன்ஸ் ஆட்டத்தை அதில் உட்கார்ந்துதான் பார்க்கிறார். வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய் நின்று இருமுவார். எழுந்துவிடுவார்கள்.

இந்த வருஷம் முதல் சுற்றில் மில்டவுன் அணியோடு மோதல். ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயிக்கிறவன் அடுத்த சுற்றுக்குப் போவான். ஐந்தாவது ஆட்டம் தோற்ற மறுநாள், ஃபெர்னான்ட் சுவரிலிருந்த காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் கேளுங்க. மொத ஆட்டம், ஆர்மஸ் இருந்தான், தோத்தோம். ரெண்டாவது, இருந்தான், தோத்தோம். மூணாவது, பல்லு புடுங்கப் போயிட்டான், ஜெயிச்சோம். நாலாவது, மச்சினி வீட்டுக்குப் போயிட்டான், ஜெயிச்சோம். நேத்து இருந்தான். நேத்து என்ன ஆச்சு?"

"நேத்து நம்ம கோல்காப்பாளன் தூங்குனான்" என்றார் ஆர்மஸ்.

"ஏன் தூங்குனான்? நீ மழுமழுன்னு மழிச்சிக்கிட்டு வந்து உக்காந்த. அவன் கண்ணு சொருகிருச்சு."

"யோவ், ஐந்நூறு மைலுக்கு அந்தாண்ட இருக்கான்யா அவன்."

"ராசிக்கு மைலு உண்டாய்யா?"

ஓட்டெடுப்பு நடந்தது. ஆறாவது ஆட்டத்துக்கு ஆர்மஸ் வரக்கூடாது என்று பதினாலு கைகள் உயர்ந்தன. பதினாலாவது கை அவர் மனைவி எல்மியுடையது.

"நீயுமாடி?"

"உன்கூட நாப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்துறேன், அது ஒரு பக்கம்" என்றாள் எல்மி. "இது பிளே-ஆஃப்."

ஆறாவது ஆட்டத்தில் லூன்ஸ் ஐந்துக்கு ஒன்று என்று வெளுத்து வாங்கியது. ஆட்டக்கணக்கு மூன்றுக்கு மூன்று ஆனது. ஞாயிறு மதியம் ஏழாவது, கடைசி ஆட்டம். ஃபெர்னான்ட் தீர்ப்பு சொல்லிவிட்டார்: நீ இல்லாமல் ஞாயிறன்றும் ஜெயித்தால், கோப்பை ஆட்டங்கள் முடிகிற ஜூன் வரைக்கும் நாற்காலி காலி. தோற்றால், பேசினதெல்லாம் தப்பு, வந்து உட்கார்ந்துகொள்.

"தோத்தா வந்து உக்காந்து எதைய்யா பாக்குறது? சுவத்தையா?" என்று கேட்டார் ஆர்மஸ். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஜெயித்தால் நாற்காலி போச்சு. தோற்றால் நாற்காலி இருக்கும், ஆட்டம் இருக்காது. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அடி அவருக்குத்தான்.

ஞாயிறன்று மதியம் எல்மி லூன்ஸ் சட்டையை மாட்டிக்கொண்டு கிளப்புக்குப் போய்விட்டாள். வெளியே பனியும் மழையுமாகக் கலந்து ஊற்றியது. ஆர்மஸ் கொட்டகையில் விறகு பிளந்தார். வேண்டிய விறகு ஏற்கெனவே இருந்தது. வீட்டில் டிவி இருந்தது, அதைப் போடவில்லை. கோபம்தான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மூன்றரைக்கு போன் அடித்தது. எல்மி.

"யோவ், சாவி எங்க?"

"எந்தச் சாவி?"

"கூரைக் கதவுச் சாவி. டிஷ்ல பனி அப்பிக்கிச்சு. படம் போச்சு."

"ஸ்கோரு என்ன?"

"ரெண்டுக்கு ஒண்ணு, அவனுங்க மேல. ரெண்டாவது பகுதி முடியப்போவுது. ஃபெர்னான்ட் வண்டிய எடுத்துட்டு வர்றாரு, அவர்கிட்ட சாவிய குடுத்து அனுப்பு."

"மாட்டேன்."

"என்ன மாட்டேன்?"

"சாவி குடுத்தா திரும்பி வராது. அதோட அவன் ஏணியில ஏறுனா அவனும் திரும்பி வரமாட்டான். நான் வரேன்."

போனில் கையை வைத்து மூடிக்கொண்டு எல்மி யாரிடமோ பேசுவது கேட்டது. பல குரல்கள் ஒரே நேரத்தில் கத்தின. பிறகு எல்மி, "வா. ஆனா எதையும் பாக்காத" என்றாள்.

கிளப்புக்குள் நுழைந்தபோது டிவி கறுப்பாகக் கிடந்தது. நாற்பது தாடிகள் அவரைப் பார்த்தன. ஒருவன் தன்னையறியாமல் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். ஆர்மஸ் மூலையிலிருந்த இரும்பு ஏணியில் ஏறி, பூட்டைத் திறந்து, கூரைக்குப் போனார்.

டிஷ் மேல் ஈரப்பனி அப்பிக் கிடந்தது. எடுத்துப்போன துடைப்பத்தால் தட்டினார். போகவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு நகத்தால் சுரண்டினார். பனி கழுத்துக்குள் இறங்கி முதுகு வழியாக ஓடியது. நாற்காலியைப் பிடுங்கினவனுக்காக இந்த வேலை பார்க்கிறோமே என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே இன்னும் நன்றாகச் சுரண்டினார். அரைகுறை வேலை அவருக்கு ஆகாது.

கீழேயிருந்து ஒரு கத்தல் வந்தது. படம் வந்துவிட்டது போலிருக்கிறது. உடனே இன்னொரு கத்தல், முதலாவதைவிடப் பெரிதாக.

அவர் ஏணியில் பாதி இறங்கும்போதே ஃபெர்னான்ட் கையை அகல விரித்துக்கொண்டு ஓடிவந்தார். "திரும்பாத! அப்படியே சுவத்தப் பாத்து எறங்கு!"

"என்னடா ஆச்சு?"

"ரெண்டுக்கு ரெண்டு! படம் இல்லாத நேரத்துல நம்மாளு ஒண்ணு போட்டுட்டான். நீ கூரைமேல இருந்த நேரம்டா. நான் சொல்லல?"

"அப்ப நான் வீட்டுக்குப் போறேன்."

"அதெல்லாம் முடியாது" என்றாள் லூசில். கிளப்பின் பாரையும் அடுப்பையும் நடத்துகிறவள் அவள்தான். ஆர்மஸுக்கு எதிரான ஓட்டெடுப்பில் கை தூக்காத ஒரே ஆளும் அவள்தான். "மனுசன் நனைஞ்ச கோழியாட்டம் நிக்கிறாரு. எழுவத்திரண்டு வயசு. பெரியவரே, நீங்க உக்காருங்க, பட்டாணி சூப் தரேன். இவரு போனா நானும் அடுப்ப அணைச்சிட்டுப் போறேன். பீரு நீங்களே ஊத்திக்கோங்க."

பீர் என்றதும் கூட்டம் இறங்கிவந்தது. ஃபெர்னான்ட் கொஞ்ச நேரம் முளைத்த பக்கத் தாடியைச் சொறிந்தார். பிறகு தூணோரம் போய், ஆர்மஸின் நாற்காலியைத் தூக்கி, டிவிக்கு முதுகு காட்டுகிற மாதிரி திருப்பிப் போட்டார்.

"உக்காரு. ஆனா திரும்புன, செத்த."

"என் நாற்காலிய எனக்கே திருப்பிப் போடுறியா?"

"உக்காரப் போறியா இல்லையா?"

எல்மி வந்து அவர் தோளில் ஒரு கம்பளியைப் போட்டாள். "உக்காருய்யா" என்றாள் மெதுவாக. உட்கார்ந்தார்.

சூப் சூடாக இருந்தது. எதிரே சுவரில், கிளப் எப்போதோ கோப்பை வாங்கியபோது எடுத்த பெரிய புகைப்படம், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. துடைப்பங்களோடு எட்டுப் பேர் நின்றார்கள். வலது ஓரத்தில் தொப்பையோடு அப்போதைய அணித்தலைவர் ஹெக்டர். எட்டுப் பேரின் மேலும் ஏதோ அசைந்தது. ஆர்மஸ் கரண்டியை நிறுத்தினார்.

கண்ணாடியில் டிவி தெரிந்தது.

நிறமில்லை, எல்லாம் சாம்பல். இடது வலதாகவும் வலது இடதாகவும் இருந்தது. ஹெக்டரின் மீசை வழியாக ஒருவன் சறுக்கிப்போனான். ஆனால் ஆட்டம் ஆட்டம்தான். ஆர்மஸ் மூச்சுவிடாமல் பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை. ராசி என்று ஒன்று இல்லை, அதனால் பார்ப்பது தப்பில்லை. தப்பில்லாததைச் சொல்வானேன் என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது, கடைசிப் பகுதி தொடங்கியதுமே கணக்குப் பிடிபட்டுவிட்டது: கண்ணாடியில் வலது பக்கத்தில் நெருக்கினால் நமக்கு ஆபத்து. ஒருமுறை அங்கே மூன்று பேர் ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது வட்டு வெளியே போயிருந்தது. ஏன் மூடினோம் என்று அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அடுத்த முறையும் மூடினார்.

மூன்றாம் பகுதியும் இரண்டுக்கு இரண்டாகவே முடிந்தது. இனி கூடுதல் ஆட்டம். யார் முதலில் கோல் போடுகிறானோ அவன் அடுத்த சுற்றுக்கு, மற்றவன் வீட்டுக்கு. ஃபெர்னான்ட் எழுந்து டிவியின் சத்தத்தை அணைத்தார். கூடுதல் ஆட்டம் என்றால் அந்தக் கிளப்பில் சத்தம் வைப்பதில்லை. வர்ணனைக்காரனுக்குக் கரிநாக்கு என்று பல வருஷத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது.

பின்னால் யாரோ முணுமுணுவென்று ஜெபம் சொன்னார்கள். சூப் ஆறிவிட்டது.

நாலாவது நிமிஷம். கண்ணாடியில் வலது பக்கம் ஒரு கும்பல். வட்டு ஒருவன் காலில் பட்டு, திரும்பி, தரையோடு ஊர்ந்து, ஹெக்டரின் தொப்பை இருந்த இடத்தில் வலைக்குள் போனது. இந்தமுறை ஆர்மஸ் கண்ணை மூடவில்லை.

வலது பக்கம். நம்ம வலை.

பாத்துட்டேன், நான் பாத்துட்டேன், பாக்காம இருந்திருக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. முப்பத்தெட்டு வருஷம் பிரேக்கை மட்டுமே நம்பிய ஆள், கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்து, ஆடுகிற இருபது வயதுப் பையன்களிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டார்.

அதற்குள் பின்னால் கூரை பிய்ந்தது. பெஞ்சு ஒன்று கவிழ்ந்தது. எல்மி பாய்ந்து வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஃபெர்னான்ட் அவருடைய வழுக்கையில் முத்தம் கொடுத்தார், பீரையும் கொட்டினார்.

"ஜெயிச்சிட்டோம்டா! ஜெயிச்சிட்டோம்! திரும்புடா, இப்பத் திரும்பலாம்!"

அப்போதுதான் உறைத்தது. கூடுதல் ஆட்டத்துக்குப் பக்கம் மாறுவார்கள். மாறியிருந்தார்கள். அது மில்டவுன்காரனின் வலை.

ஆர்மஸ் நாற்காலியோடு திரும்பினார். டிவியில் இரண்டு அணியும் வரிசையாக வந்து ஒவ்வொருவராகக் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கண் கலங்கியது. பீர் கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னார்.

"ஏன்யா மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?" என்று கேட்டாள் எல்மி.

"குளுரு."

ஃபெர்னான்ட் காலண்டர் தாளை எடுத்து எழுதிவிட்டு உரக்க வாசித்தார்: "ஏழாவது. ஆர்மஸ் இருந்தான், சுவத்தப் பாத்து இருந்தான், ஜெயிச்சோம். இதுதான் தீர்ப்பு. நாற்காலி உனக்குத்தான். ஆனா இப்படியே, சுவத்தப் பாத்து. ஜூன் வரைக்கும். சம்மதமா?"

எல்லாரும் அவர் கத்துவார் என்று காத்திருந்தார்கள். சாவிக்கொத்தைத் தூக்கி எறிவார் என்றுகூட ஒருவன் பந்தயம் கட்டத் தயாராக இருந்தான்.

"சரி" என்றார் ஆர்மஸ்.

"சரியா?" ஃபெர்னான்டுக்கே ஏமாற்றம். "சண்டை போட மாட்டியா?"

"உங்க மூடத்தனத்தோட எவன் சண்டை போடுவான்? சூப்பச் சுட வச்சிக் குடுங்க."

இரண்டாம் சுற்று வியாழக்கிழமை தொடங்கியது. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே ஆர்மஸ் கிளப்புக்கு வந்தார். கையில் பழைய துணி, ஒரு பாட்டில் வினிகர். நேராகப் போய்ப் புகைப்படத்தின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். மேலிருந்து கீழ், மூலைமுடுக்கெல்லாம். ஹெக்டரின் தொப்பையை இரண்டு தடவை துடைத்தார்.

பார் மேஜைக்குப் பின்னாலிருந்து லூசில் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன பெரியவரே, இருவது வருசமா அந்தப் படத்த யாரும் தொட்டதில்ல."

"அதான் அழுக்கா இருக்கு."

"தாடையில என்னமோ வெள்ளையா இருக்கே?"

ஆர்மஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டார். நாலு நாள் முடி சொரசொரத்தது. "பிளேடு தீந்துபோச்சு" என்றார்.

"கடையில விக்கிறாங்களே."

"கடைக்காரன நம்ப முடியாது."

போய் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தார். மேலே தொங்கிய குழல்விளக்கு கண்ணாடியில் பளீரென்று அடித்து, பாதிப் படத்தை விழுங்கியது. கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

லூசில் கையை நீட்டி அந்த விளக்கை மட்டும் அணைத்தாள்.