குழிப்பந்துக் கணக்கு

அமெரிக்காவில் படிக்கிற மச்சினன் என்றால் சும்மாவா? 1983 ஆவணியில் கருத்தப்பாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. மச்சினன் ஆறுமுகச்சாமி ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதி முடிக்க நாலு மாத விடுப்பில் அக்கா வீட்டுக்கு வந்திருந்தான். அவனைச் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போய், கல்லாவுக்கும் ரோட்டுக்கும் சேர்த்துக் கேட்கிற குரலில் அறிமுகம் செய்தார். "எங்க வீட்டுக்காரி தம்பி. புள்ளியியல்ல டாக்டர் பட்டம் வாங்கப் போறாப்ல."

"அப்படியா? என்னத்த ஆராயுதாக?" என்று பக்கத்து ஜவுளிக்கடை மைதீன் பாட்சா கேட்டார். கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு. பெரிய புல்வெளியில் பந்தைக் கம்பால் அடித்து அடித்து, எங்கோ இருக்கிற சின்னக் குழியில் விழ வைக்க வேண்டும். குறைந்த அடியில் முடிக்கிறவன் ஜெயித்தான். அதையே தொழிலாகக் கொண்டு பரிசுக்கு ஆடுகிறவர்கள் அமெரிக்காவில் உண்டு. அவர்களில் யார் ஜெயிக்கிறான்? முதல் அடியை வெகுதூரம் அடிக்கிறவனா, கோணாமல் அடிக்கிறவனா, குழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போடுகிறவனா, கடைசியில் உருட்டி விழ வைக்கிறவனா? போட்டிகளில் எண்ணி வைத்த எண்களைக் கொண்டு இரண்டு வருடம் மண்டையை உடைத்து ஆறுமுகச்சாமி ஒரு விடை கண்டிருந்தான். பேராசிரியர் கைகுலுக்கிப் பாராட்டிய விடை.

இங்கே அதைச் சொல்ல வாய் வரவில்லை. அத்தானின் காலைப் பார்த்தான். குதிகால் கோடைக் கரிசல் மாதிரி வெடித்துக் கிடந்தது. அவனை விமானம் ஏற்றுவதற்காக உழவு மாட்டை விற்ற மனுசர். இன்றைக்கும் இரவல் மாட்டில்தான் உழுகிறார். மாட்டை விற்று அனுப்பிய பிள்ளை, பந்து குழியில் விழுவதை எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று எந்த வாயால் சொல்வது? வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

"மழையைப் பத்தி" என்றான். "எந்த வருசம் எப்பப் பெய்யும்னு கணக்குப் போடுதோம்."

கடையே நிமிர்ந்து உட்கார்ந்தது. மானாவாரிச் சீமையில் மழையை விடப் பெரிய படிப்பு ஏது? அத்தான் டீயோடு ஒரு வடையும் வாங்கிக் கொடுத்தார்.

அவர்கள் ஊர் திருவேங்கடம் பக்கம். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டு வைப்பதை அங்கே புழுதி விதைப்பு என்பார்கள். மழை ஒழுங்காக வந்தால் முந்தி விளையும். தூறலோடு நின்றுவிட்டால் முளைத்தது கருகிப்போகும். அதனால் கருத்தப்பாண்டிக்கு அப்பன் காலத்து வழக்கம் ஒன்று உண்டு. பாதி விதை புழுதிக்கு, மீதி நல்ல மழை பெய்த பிறகு ஈரத்துக்கு. அது போனால் இது சோறு போடும்.

புரட்டாசியில் ஒருநாள் காலை, பருத்தி விதைப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டார். "மாப்ளே, இந்த வருசம் மொத்தத்தையும் புழுதில போட்டுரலாமா? ஒங்க கணக்கு என்ன சொல்லுது?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் அக்கா வள்ளித்தாய் அடுப்படியிலிருந்து தலையை நீட்டித் தம்பியின் முகத்தையே பார்த்தாள். அந்தப் பெருமையை உடைக்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. புள்ளியியல் படித்தவனுக்குப் பாதிக்குப் பாதியின் அருமை தெரியாதா? தெரியும். தெரிந்தும், வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொல்லிவைத்தான். "போடலாம் அத்தான். மாசக் கடைசில நல்ல மழை இருக்கு."

மாசக் கடைசியில் தூறல் விழுந்தது. காடு முழுக்க முளை விட்டது. வள்ளித்தாய் தம்பிக்குப் பணியாரம் சுட்டுக் கொடுத்தாள். அதோடு சரி. வானம் வெள்ளை வெளேரென்று வெறித்துவிட்டது. முளை அத்தனையும் கருகிப்போனது. ஐப்பசிக் கடைசியில் மழை கொட்டியபோது, பாதி விதையை வைத்திருந்தவர்கள் காட்டுக்கு ஓடினார்கள். கருத்தப்பாண்டி வீட்டுப் பெட்டி காலி. இரவல் கேட்ட இடத்திலெல்லாம் அவரவர் விதைப்புக்கே பற்றவில்லை. மழை பெய்வதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார்.

அடுத்த தடவை டீக்கடைக்குப் போனபோது மைதீன் பாட்சா சும்மா இருப்பாரா? "என்ன அண்ணாச்சி, அமெரிக்காக் கணக்கு கவுத்திட்டாமே?" என்றார். கடையில் சிரிப்பு எழுந்தது.

"மாப்ள மேல குத்தம் சொல்லாதேயும் வே" என்றார் கருத்தப்பாண்டி. "பாதிதான் போடச் சொன்னாப்ல. நாந்தான் பேராசப்பட்டு மொத்தத்தையும் போட்டுட்டேன்."

அத்தான் பொய் சொல்லி ஆறுமுகச்சாமி கேட்டது அதுதான் முதல் தடவை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல் இருந்தது அவனுக்கு. அந்த நிமிடமாவது எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னானா? தலையைக் குனிந்து டீயைக் குடித்தான், படித்த பிள்ளை.

ஊருக்குத் திரும்பப் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுதான் வாய் திறந்தது. "அத்தான், நான் மழையப் படிக்கல. பந்து வெளையாட்டப் படிக்கேன்." ஒன்று விடாமல் சொன்னான்.

அத்தான் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார். "அதுல யாரு மாப்ளே ஜெயிக்கான்?"

"தூரமா அடிக்கவனுக்குத்தான் கூட்டம் கை தட்டும். ஆனா ரெண்டாவது அடிய குழிக்குப் பக்கத்துல கொண்டாந்து போடுதவன்தான் ஜெயிக்கான். அதத்தான் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கேன்."

"நல்ல விசயந்தான" என்றார் அத்தான். அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா, ஒங்க அக்காட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பேன். சிரிச்சிட்டு, எப்பவும்போல பாதியத்தான் வெதச்சிருப்பேன்."

திருவேங்கடம் டவுன் பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. அத்தான் வழக்கம்போல ஓடிப்போய், ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு மச்சினனுக்கு இடம் பிடித்தார். "வாங்க மாப்ளே, உக்காருங்க."

அந்தத் துண்டைப் பார்க்கவே அவனுக்கு உடம்பு கூசியது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்து, அந்த இடத்தில் அவரை உட்கார வைத்துவிட்டு, ஊர் வருகிறவரை நின்றுகொண்டே வந்தான்.