பின் சீட்டை மடக்கினால்

உஷாராணிக்குப் புதுக் கார் ஆசை எதுவும் இல்லை. இருந்த கார் கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான்.

அது ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. குமாரபாளையத்தில் தறிப்பட்டறை நன்றாக ஓடிய நாளில் கணவர் சுவாமிநாதன் ஆசைப்பட்டு வாங்கியது. போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கியது. வாரத்தில் மூன்று நாள் சேலத்துக்குப் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் டிரைவர் தேடி அலுத்துப்போய், நாற்பத்தொன்பது வயதில் உஷாராணியே கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த வண்டி லிட்டருக்குப் பதினொன்றைத் தாண்டியதில்லை.

கேஸில் ஓடும் சின்ன வண்டி வாங்கலாம் என்று சொன்னது தம்பி கதிர்வேல். ஒரு வியாழக்கிழமை சிகிச்சை முடிந்ததும் கணவரோடு அவள் நேராக ஷோரூமுக்குப் போனாள். கதிர்வேல் ஈரோட்டிலிருந்து வந்திருந்தான்.

விற்பனைப் பையன் எல்லாவற்றையும் கதிர்வேலிடமே சொன்னான். "கிலோவுக்கு முப்பதுக்கு மேல போகும் சார். பெட்ரோல்லயும் ஓடும் சார்."

"ஓட்டறது நானுங்க," என்றாள் உஷாராணி. "டிக்கியத் தொறங்க."

டிக்கி முழுக்க சிலிண்டர் படுத்திருந்தது. கணவரைத் தாங்கிப்பிடித்து அங்கிருந்த சோபாவில் உட்காரவைத்துவிட்டு, வீல்சேரை மடக்கிக்கொண்டு வந்தாள். நெடுக்காக வைத்துப் பார்த்தாள், குறுக்காக வைத்துப் பார்த்தாள். எப்படி வைத்தாலும் கதவு மூடவில்லை.

"ஆஸ்பத்திரியில வீல்சேர் இருக்குமில்லக்கா? இத எதுக்குச் சுமந்துட்டு?" என்றான் கதிர்வேல்.

"வழியில அவரு பாத்ரூம் போவோணும்னா?"

விற்பனைப் பையன் யோசித்துவிட்டுப் பின் சீட்டை மடக்கினான். வீல்சேர் அதன்மேல் சுகமாகப் படுத்துக்கொண்டது.

"இதெப்படிக்கா சரிவரும்?" என்றான் கதிர்வேல். "பின்னாடி ஆள் உக்கார முடியாதே. நாங்கெல்லாம் எங்கியாச்சும் கூட வந்தா?"

"நீ கடைசியா எப்ப கதிரு கூட வந்தே?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் வரவில்லை. கதிர்வேல் பொங்கலுக்கு என்று ஆரம்பித்து, அது போன வருடப் பொங்கல் என்று உணர்ந்து நிறுத்திக்கொண்டான்.

"எம் பையன் பெங்களூர்ல இருந்து ரயில்ல வாரான், ரயில்லயே போயிக்கறான். இந்த ஒரு வருசமா பின்னாடி சீட்டுல பை மட்டுந்தான் வருது," என்றாள். பிறகு சோபாவின் பக்கம் திரும்பி, "ஏனுங்க, இது போதுமுங்களா?" என்று கேட்டாள்.

சுவாமிநாதன் அந்தச் சின்ன வண்டியை வெகுநேரம் பார்த்தார். "போதும்," என்றார்.

பெரிய வண்டியை வாங்கியவர்கள் எடுத்துக்கொண்டு போன அன்று மட்டும் அவர் மத்தியானம் சாப்பிடவில்லை. உஷாராணி வற்புறுத்தவில்லை. அவளுக்கும் பசியில்லை.

புது வண்டி சொன்னபடிதான் ஓடியது. இரண்டாவது வாரம், சேலத்திலிருந்து திரும்பும்போது பைபாஸ் பங்கில் கேஸ் பிடிக்க நின்றாள். முன்னால் ஒன்பது வண்டிகள். அவள் முறை வந்ததும் பங்குக்காரர் ஜன்னலைத் தட்டினார்.

"எல்லாரும் எறங்கோணுங்க."

"அவருக்கு நடக்க வராதுங்க."

"ஆள உள்ள வெச்சுட்டு கேஸ் புடிக்கக் கூடாதுங்கம்மா. நான் வேண்ணா ஒரு கை புடிக்கறேன்."

இதை ஷோரூமில் யாரும் சொல்லவில்லை. பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். வீல்சேரை இழுத்து விரித்து, இருவருமாக அவரை இறக்கி, வெயிலில் தள்ளி நிறுத்தினாள். நாலு நிமிடத்தில் கேஸ் ஏறிவிட்டது. திரும்ப ஏற்றி உட்காரவைத்தபோது இடுப்பில் சுருக்கென்றது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே சற்று நேரம் இருந்தாள்.

"வலிக்குதா?" என்றார் சுவாமிநாதன். அவரிடமிருந்து கேள்வி வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

"ஆமாங்க," என்றாள். இத்தனை நாளும் இல்லையென்றே சொல்லிக்கொண்டிருந்தவள்.

அதற்குப் பிறகு அவள் தனியாகப் போய்க் கேஸ் பிடித்தாள். பக்கத்து வீட்டு வசந்தாமணி அந்த நேரம் வந்து அவரோடு டிவி பார்த்துக்கொண்டிருப்பாள். கேஸ் தீர்ந்துவிட்ட நாளில் பெட்ரோலில் ஓட்டிக்கொள்வாள். அதனால் கணக்குப் போட்ட அளவுக்கு மிச்சமாகவில்லை, பாதிதான் ஆயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வரிசையில் பதினாறு வண்டிகள் நின்றன. எல்லாரும் சலித்துக்கொண்டார்கள். உஷாராணி இன்ஜினை நிறுத்தினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டைப் பின்னுக்குச் சாய்த்துக் கண்ணை மூடினாள். யாரையும் தூக்க வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். முன்வண்டி நகர்ந்தபோது பின்னாலிருந்தவர் ஹாரன் அடித்தார். அவள் கையை வெளியே நீட்டி, "நீங்க போங்க சாமி," என்று அவருக்கு வழிவிட்டாள்.