இருபத்தாறு வெற்றிகளும் கோவாரிக் பண்ணைச் சாலையும்

1987 நவம்பர் கடைசியில் ஓடிலியா கல்லூரியின் கூடைப்பந்து அரங்கத்திலிருந்து கோவாரிக் பண்ணை வீட்டுக்குப் பதினான்கு மைல். அடுத்த மார்ச் முதல் வாரத்தில் அதே சாலையில் அதே வீட்டுக்கு ஆயிரத்து நூற்று அறுபது மைல். கல்லூரியும் நகரவில்லை, வீடும் நகரவில்லை. நடுவில் நிலம் வளர்ந்தது, அவ்வளவுதான். நெப்ராஸ்காவில் எங்கள் டெர்வின் ஊரை அறிந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய சங்கதியாகப் படாது. இங்கே எந்த வீடும் எந்தக் காலத்திலும் கிட்டத்தில் இருந்ததில்லை.

கல்லூரிப் பெண்கள் அணிக்கு அதற்கு முன் ஒரு நல்ல வருஷம் என்று கிடையாது. அணி தொடங்கிய நாளிலிருந்து ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். ஆட்டத்துக்கு வருகிறவர்கள் பெண்களைப் பெற்றவர்களும், வீட்டில் கணப்பு சரியில்லாத இரண்டு கிழவர்களும்தான். அந்த வருஷமும் முதல் இரண்டு ஆட்டங்கள் வழக்கம்போல் போயின. மூன்றாவதில் ஜெயித்தார்கள். அது ஒரு சனிக்கிழமை. மறுநாள் பனி கொட்டியதால், ஞாயிறுதோறும் தாயைப் பார்க்கப் போகிற லீடா கோவாரிக் போகவில்லை. செவ்வாய்க்கிழமை மறுபடி ஜெயித்தார்கள். லீடாதான் பந்தை நடத்திக்கொண்டு போகிறவள். மூன்றாம் வருஷ மாணவி, ஒல்லி, பேச்சு குறைவு, தூரத்திலிருந்து போட்டால் தப்பாது. செவ்வாய் ஆட்டம் முடிந்ததும் அணியின் உயரமான பெண் ஜோலீன் ஸ்ப்ராக் உடைமாற்றும் அறைக் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டினாள். யார் எந்தக் காலுறை போட்டிருந்தார்கள், யார் எதைத் தின்றார்கள், பேருந்து எந்தத் தெருவில் திரும்பியது என்று எல்லாம் அதில் இருந்தது. தோற்கிற வரைக்கும் எதையும் மாற்றக் கூடாது. விளையாடுகிறவர்களுக்கு இது தெரிந்த சட்டம்தான். ஜெயிக்கிற காலுறையை எவளும் துவைக்க மாட்டாள். லீடாவின் பெயருக்கு எதிரே "வீட்டுக்குப் போகவில்லை" என்று எழுதியிருந்தது.

"இது என்னடி, எல்லாரும் சாக்ஸ துவைக்காம இருந்தா போதும், நான் மட்டும் அம்மாவப் பாக்கக் கூடாதா?" என்று லீடா கேட்டாள்.

"ஒரு வாரம்டி, அதுக்கு மேல நாம என்னத்த ஜெயிச்சுக் கிழிக்கப் போறோம்?" என்றாள் ஜோலீன். எல்லோரும் சிரித்தார்கள், லீடாவும் சிரித்தாள். ஒரு வாரம்தானே என்று அவளும் நினைத்தாள். அதைவிட, அவளுக்கும் ஜெயிக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும்.

ஐந்தாவது வெற்றிக்குப் பிறகுதான் மாவட்டச் சாலை அளவையாளர் ஆர்லன் பேப் கவனித்தார். கோவாரிக் பண்ணைச் சாலை ஆற்றங்கரையில் போய் முட்டி நின்றுவிடும்; அந்தப் பண்ணையைத் தவிர அதில் வேறு வீடு கிடையாது. அதனால் வேறு யாரும் கவனிக்கவில்லை. அவர் சங்கிலி போட்டு அளந்தார். இருபத்தொன்பது மைல் வந்தது. தன் மேல் சந்தேகப்பட்டு மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்து மறுபடி அளந்தார். அதற்குள் இன்னொரு ஆட்டம் ஜெயித்து முப்பத்தாறு ஆகியிருந்தது. புது நிலம் எப்போதும் ஊர்ப்பக்கமே, ரயில் தண்டவாளத்தைத் தாண்டியவுடன், முளைத்தது. வேலிக்கம்பங்களோடும், அறுத்துவிட்ட சோளத்தட்டையோடும், ஒழுங்காக முளைத்தது. பக்கத்து நிலத்துக்காரர் தான் விதைக்காத நிலத்துக்குத் தான் வரி கட்ட முடியாது என்று மனுக் கொடுத்தார். மாவட்ட அலுவலகம் மனுவை வாங்கி வைத்துக்கொண்டது.

கிறிஸ்துமஸுக்குள் பதினோரு வெற்றி, நூற்றிருபது மைல். மனசு வைத்தால் காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். விடுதியைப் பூட்டிக் கணப்பை நிறுத்திவிட்டார்கள், எல்லாப் பெண்களும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். காகிதத்தில் அவர்கள் பெயருக்கு எதிரே வேறு என்னவோ எழுதியிருந்தது. லீடா மட்டும் மூன்று போர்வையைச் சுற்றிக்கொண்டு பத்து நாள் தனியாகக் கிடந்தாள். அம்மா வ்லாஸ்டா கசகசா வைத்த கொலாச்சே பன்களைத் தபாலில் அனுப்பினாள். அவை ஜனவரி நடுவில் வந்து சேர்ந்தன, சுத்தியல் வைத்து உடைத்தால்தான் உண்டு. உடைத்துத் தின்றாள்.

வ்லாஸ்டாவுக்கு நுரையீரல் கெட்டுப் பல வருஷம். கணவன் செத்த பிறகு தனி ஆளாகப் பண்ணையைப் பார்த்தவள், மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டிக்கொண்டே மாடுகளைத் திட்டுகிறவள். ஜனவரியில் மருத்துவர் இனி வசந்தம் வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டார். அதை அவள் தொலைபேசியில் மகளிடம் சந்தை விலை சொல்வதுபோலச் சொன்னாள். அதற்குள் குரலும் தாமதமாகத் தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை கேட்டால் புதன்கிழமை பதில் வரும். விடுதி நடைவழியில் தொலைபேசி அடிக்கும், எடுத்தால் இரண்டு நாளைக்கு முந்தைய அம்மா பேசுவாள். "வர்றேன்மா, இந்த ஞாயித்துக்கிழமை எப்படியும் வந்துடறேன்" என்று லீடா அழுதாள். புதன்கிழமை பதில் வந்தது: "தோத்துட்டு வந்து வாசல்ல நின்னேன்னு வையி, கதவத் திறக்கவே மாட்டேன். நாப்பது வருஷமா இந்த ஊரு தோத்துக்கிட்டே இருந்துச்சுடி. மூச்சு முட்டுதேன்னு ரேடியோவப் போட்டா, உன் பேரச் சொல்றான். அதுல ரெண்டு மூச்சு சேர்த்து வாங்கறேன். நீ ஆடு, கண்ணு."

பயிற்சியாளர் டெலோரஸ் ஹைன் கெட்டவள் இல்லை. அவளும் இரண்டு மாதமாக ஒரே முட்டை ரொட்டியையே தின்றுகொண்டிருந்தாள். லீடா அவளிடம் போய், ஒரு ஆட்டம் விட்டுவிடுகிறேன், போய் வருகிறேன் என்று கேட்டாள். "போடா கண்ணு, உன்ன யாரு கட்டிப் போட்டா?" என்று சொல்லிவிட்டு ஹைன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே அனுமதிச் சீட்டுக்கு ஊரே பனியில் வரிசையில் நின்றது. மூடிக்கிடந்த மளிகைக்கடையை அந்த மாதம்தான் திறந்திருந்தார்கள். வருஷக்கணக்காகப் பேசிக்கொள்ளாத இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். லீடா அதையெல்லாம் பார்த்தாள், போகவில்லை. பாழாய்ப்போன சன்னல்!

பிப்ரவரியில் ஆர்லன் பேப் உணவுக்கூடத்துக்கே வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். வெளியூர் ஆட்டம் ஒன்றின்போது வண்டி வானொலியைப் போட்டுக்கொண்டு அளந்திருக்கிறார். ஓடிலியா ஒன்பது புள்ளி பின்தங்கியபோது சங்கிலி அவர் கையில் தொளதொளவென்று தளர்ந்ததாம். முன்னுக்கு வந்ததும் மறுபடி விறைத்துக்கொண்டதாம். "ஒரே ஒரு தடவ தோத்துட்டா போதும்மா, பழைய மாதிரி ஆயிடும். ஆனா நான் சொன்னேன்னு வெளியில சொல்லிடாத, ஊரே சேர்ந்து என்ன அடிச்சே கொன்னுடும்" என்றார். அப்போது எழுநூறு மைல். அந்தச் சாலையில் பெட்ரோல் நிலையம் கிடையாது, சாப்பாட்டுக் கடை கிடையாது. தபால் வண்டிக்காரர் வேலையை விட்டுவிட்டார்.

லீடா தோற்க முயன்று பார்க்காமல் இல்லை. அடுத்த நான்கு ஆட்டத்திலும் பந்தை விட்டாள், மோசமாக ஆடினாள். ஆனால் மற்றவர்கள் ஆடினார்கள். துவைக்காத காலுறையும் கன்றிப்போன முழங்காலுமாக அந்தப் பெண்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால் அவர்களைத் தோற்கடிக்க யாருக்கு மனசு வரும்? இருபத்தைந்து வெற்றி ஆயிற்று. தொலைபேசிக் குரல் ஒன்பது நாள் தாமதமாக வந்தது.

மண்டல இறுதி ஆட்டம் மார்ச் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு எங்கள் அரங்கத்திலேயே நடந்தது. உட்கார இடமில்லாமல் ஆட்கள் கைப்பிடிக் கம்பிகளில் தொங்கினார்கள். கடைசி இரண்டு விநாடியில் இரண்டு பக்கமும் அறுபத்தொன்று. லீடாவைத் தள்ளிவிட்டதற்காக, யாரும் தடுக்காமல் நின்று போடுகிற ஃப்ரீ த்ரோ ஒன்றை அவளுக்குக் கொடுத்தார்கள். எதிர் அணி போட்டதெல்லாம் அன்று வளையத்தில் விழுந்துகொண்டிருந்தது. இது தவறி ஆட்டம் நீண்டால் தோல்விதான் என்று அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தவற விடுவது என்று முடிவுசெய்தாள். ஜோலீன் பக்கம் பார்க்காமல், ஹைன் பக்கம் பார்க்காமல், பந்தை வளையத்துக்கு மேலே பலகையின் மூலையைப் பார்த்து ஓங்கி அடித்தாள். அது மூலையில் பட்டு, கூரைக் கம்பியில் பட்டு, ஆட்டக் கடிகாரத்தின் கம்பிக்கூண்டில் பட்டு, வளையத்தின் விளிம்பில் மூன்று சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. கூரையில் பட்டால் செல்லாது என்பது விதி. நடுவர் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், கூட்டத்தைப் பார்த்தார்கள், செல்லும் என்றார்கள்.

லீடா தரையில் உட்கார்ந்து அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று வானொலிக்காரர் சொன்னார். பிறகு ஏணி கொண்டுவந்து வலையை அறுத்தார்கள்; கோப்பை வென்றவர்கள் ஆளுக்கொரு இழை அறுப்பது வழக்கம். "ஏறுடி, உன் இழைதான் மொதல்ல!" என்று அவளைத் தூக்கி ஏற்றிவிட்டார்கள். லீடாவுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கக் கை வரவில்லை, ஜோலீன்தான் அவள் கையைப் பிடித்து அறுத்தாள். அப்போதும் ஜோலீனுக்கு எதுவும் தெரியாது, பாவம்.

லீடா தன் குளிர்கோட்டை எடுக்க விடுதிக்கு ஓடினாள். நடைவழியில் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது நாளைக்கு முந்தைய அம்மா மூச்சிரைக்கப் பேசினாள்: "ஏண்டி, நீ வந்து என்னப் பாக்கறதுக்குள்ள எனக்கு யுகம் முடிஞ்சுடும். அதான் நானே கிளம்பிட்டேன். பதினோரு சிலிண்டர் எடுத்து வச்சிருக்கேன், டீசலும் இருக்கு. நீங்க நடுவுல எத்தன ஜெயிப்பீங்கன்னு கணக்குப் போட்டுத்தான் எடுத்திருக்கேன். கடைசி மேட்ச்சுக்கு உள்ள வந்து உக்காந்துடுவேன். கீழ வரிசையில ஒரு இடம் பிடிச்சு வையி, என்னால படி ஏற முடியாது."

ஆர்லன் பேப் லீடாவை ஏற்றிக்கொண்டு தன் வண்டியை எடுத்தார். ரயில் தண்டவாளத்தைத் தாண்டியதும் புது நிலம் தொடங்கியது. மண் இன்னும் ஈரமாக இருந்தது. தொண்ணூறு மைல் போன பிறகு, வெயில் இறங்குகிற நேரத்தில், சாலையோரம் வ்லாஸ்டாவின் பச்சைப் பிக்கப் வண்டி ஊரைப் பார்த்து நின்றது. பின்னால் பத்துக் காலிச் சிலிண்டர்கள் அடுக்கியிருந்தன, பதினோராவது அவள் பக்கத்தில் இருந்தது, அதுவும் காலி. நல்ல உடுப்பு உடுத்தி உதட்டுச் சாயம் பூசியிருந்தாள். கை இன்னும் ஜில்லென்று ஆகியிருக்கவில்லை, மூச்சுதான் இல்லை. மடியில் மின்கட்டண உறை ஒன்று இருந்தது. வழியெல்லாம் அதில் குறித்துக்கொண்டு வந்திருக்கிறாள். கடைசியில் இப்படி இருந்தது: "ஊர்த் தண்ணித் தொட்டி தெரியுது. ரெண்டு மைல்தான். ரேடியோ தெளிவா கேக்குது, லீடா ஃப்ரீ த்ரோ போடப் போறாளாம்." அதற்குக் கீழே, கோணல் எழுத்தில்: "போட்டுட்டா என் ராசாத்தி. தொட்டியைக் காணோம்."

லீடா வாய்விட்டுக் கத்தினாள். ஆர்லன் பேப் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வயலில் தள்ளிப் போய் நின்றார்.

வ்லாஸ்டாவைக் கணவனுக்குப் பக்கத்தில், பண்ணையை ஒட்டிய சிறு கல்லறையில் புதைக்க வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் மைல் என்பதால் ஊர்க்காரர்கள் மூன்று வண்டியில் பத்து நாளைக்கு ரொட்டி, பன்றி இறைச்சி, கம்பளி, டீசல் எல்லாம் ஏற்றிக்கொண்டு அடுத்த வியாழக்கிழமை காலை சவ வண்டியோடு கிளம்பினார்கள். அணி அன்றைக்குத் தேசியப் போட்டிக்குக் கன்சாஸ் நகரம் போயிருந்தது, லீடா இல்லாமல். காகிதத்தில் இருந்தபடியே எல்லோரும் அதே காலுறை போட்டிருந்தார்கள். பதினோரு மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தில் முப்பத்தொரு புள்ளியில் தோற்றார்கள். கடைசி மணி அடித்தபோது வண்டிகள் அறுபதாவது மைலில் இருந்தன. ஒரு மேடு ஏறி இறங்கினால், எதிரே ஆறும் கோவாரிக் வீட்டுக் கூரையும் கல்லறை வேலியும் நின்றன.

குழி வெட்டியிருக்கவில்லை. பத்து நாள் கழித்து வரவேண்டிய சவத்துக்கு யார் குழி வெட்டி வைப்பார்கள்? ஆட்கள் செய்வதறியாமல் வண்டியைச் சுற்றி நின்றார்கள். சிலர் ரொட்டியைப் பிரித்தார்கள். சவ வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, துக்கம் கேட்கும் குரலிலேயே, "பரவாயில்லையே, நேரத்தோட வந்து சேர்ந்துட்டோமே" என்றார். லீடா வண்டியிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினாள். மார்ச்சில் எங்கள் பக்கம் மண் இன்னும் உறைந்துதான் இருக்கும். முதல் அடி ஆழம் போகவே இரண்டு மணி நேரம் ஆயிற்று.