மைக் ஸ்டாண்ட்

சென்னையில் ஜாவா மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்கள் சிலர் மாதம் ஒரு சனிக்கிழமை தேனாம்பேட்டையில் ஓர் அலுவலக மாடியில் கூடுவார்கள். தாங்கள் செய்த கருவிகளைக் காட்டுவார்கள். அடுத்தவன் செய்ததைப் பிய்த்து உதறுவார்கள். அந்தக் குழுவைத் தொடங்கியவர்கள் மயிலாப்பூர்க்காரர்கள் இருவர்: வேம்பு, ஷ்ரவண். கல்லூரியிலிருந்தே ஒரே பைக்கில் சுற்றியவர்கள்.

அன்று ஷ்ரவண் தன் புதுக் கருவியைக் காட்டினான். புரோகிராம் எந்த இடத்தில் தடுக்கி விழுந்தது என்று சொல்கிற கருவி. கைதட்டல் ஓய்ந்ததும் வேம்பு எழுந்தான்.

"ஆத்துல என் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன் மச்சி. யூசரோட பாஸ்வேர்டெல்லாம் அப்படியே லாக்ல, யார் வேணா படிக்கற ஃபைல்ல, வந்து விழறது. இதை எவனும் ஆபீஸ்ல போட்டுத் தொலைச்சிடாதீங்கோ."

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு கூடமே சிரித்தது.

"எப்போ பாத்தே?" என்றான் ஷ்ரவண்.

"போன வாரம்."

"ஃபோன் பண்ணியிருக்கலாமே. இத்தனை பேர் முன்னாடி சொல்லணும்னு வச்சிண்டிருந்தியா?"

அதுதான் உண்மை. எல்லாரும் இந்தக் குழுவை 'ஷ்ரவண் குரூப்' என்று சொல்லத் தொடங்கியதிலிருந்தே வேம்புவுக்குள் ஏதோ புழுங்கிக்கொண்டிருந்தது.

"தப்பைத் தப்புன்னு சொன்னா உனக்கு ஏன்டா எரியறது?"

ஷ்ரவண் நேரே வந்து ஓங்கி அறைந்தான். வேம்புவின் கண்ணாடி எகிறி விழுந்தது. யாரோ மறுபடி சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில்தான் வேம்புவின் கை மைக் ஸ்டாண்டைப் பற்றியது. முதல் அடி தோளில். தடுக்க உயர்ந்த கையில் இரண்டாவது. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அடுத்தது முகத்தில். ஷ்ரவண் சுருண்டு விழுந்தான். விழுந்தவனை வேம்பு மிதித்தான். கூட்டங்களை ஏற்பாடு செய்கிற ஜுவேரியா குறுக்கே பாய்ந்தாள்.

"வுடு வேம்பு, செத்துடப் போறான்!"

அவளையும் தள்ளினான். மேசை முனையில் அவள் நெற்றி பிளந்தது. அவள் முகத்தில் வழிந்த ரத்தத்தைப் பார்த்த பிறகே இரும்பு அவன் கையிலிருந்து நழுவியது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ராஜரத்தினம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கம்ப்யூட்டர் விஷயத்துக்கா நைனா இந்த அடி அடிச்ச?"

அடிக்கும்போது தனக்கு இனித்ததை வேம்பு யாரிடம் சொல்வான்?

ஷ்ரவணின் கை கூடியது. இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை. ஜாமீனில் வந்த வேம்பு அவன் வீட்டு வாசலில் போய் நின்றான். ஷ்ரவணே கதவைத் திறந்தான். கண்ணில் இன்னும் கட்டு.

"மன்னிச்சுடுடா" என்று வேம்பு தொடங்கினான்.

"கோர்ட்ல நடந்ததை நடந்தபடி சொல்லுவேன். முதல்ல அறைஞ்சது நான்தான்னும் சொல்லுவேன். அதுக்காக நீ இங்க வர வேண்டாம்."

"ஷ்ரவண்..."

"உன்னைப் பாத்தா எனக்குக் கை நடுங்கறது. போயிடு."

ஷ்ரவண் கதவைச் சாத்தினான். வேம்பு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.